பெருக்கப் பெருக்க

தமிழில் 'பெருக்கு' என்ற வினைக்கு இரண்டு பொருள். குப்பையைக் கூட்டித் தள்ளுவதும் பெருக்குவதுதான்; ஒன்றைப் பலவாக்குவதும் பெருக்குவதுதான். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு அது வெறும் இலக்கணச் செய்தி அல்ல. காலையில் பெருக்கிய தரையில் மாலைக்குள் கறுப்புத் தூசு படிந்துவிடுகிறது.

நான் பிறந்த ஊரில் தூசு என்றால் மண். இது வேறு. வண்டிகளின் பிரேக் தேயும்போது செம்பு உதிர்கிறது. டயர் தேயும்போது துத்தநாகம். பழைய பெயின்ட் உரிந்து காரீயம் சேர்கிறது. காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் புகையோடு வெளியேறிய காரீயம் சாலையோர மண்ணில் இறங்கியது. இலை மக்கும், சாணம் மக்கும், உலோகம் மக்காது. என் துடைப்பம் அதை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான்.

இந்த ஆபத்தை முன்பே சொன்னவர்களில் ஒருவர் பெண். அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், காரீயத் தொழிலாளர்களின் வீடுகளுக்கே போய் அவர்களுடைய நோயைக் கண்டறிந்தவர். 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரானார். பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. பெட்ரோலில் காரீயம் வேண்டாம் என்று 1925-இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் வாதாடினார். யாரும் கேட்கவில்லை. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா அந்தப் பெட்ரோலை நிறுத்தியது 2021-இல். இடையில் 96 ஆண்டுகள்.

இரும்புச்சத்து குறைந்த உடல் காரீயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவள்தான் வீட்டையும் பெருக்குகிறாள். உள்ளே போன காரீயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். அவள் கருவுற்றால், பிள்ளைக்காக எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரையும்போது காரீயமும் சேர்ந்து கரையும். நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் மூளைவரை போகும். இந்த அளவுவரை பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. சென்ற ஆண்டு அவளுடைய ஹீமோகுளோபின் ஒன்பது. "ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கலாமா?" என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொண்டே, "அதெல்லாம் எதுக்கும்மா? வீட்டைச் சுத்தமா வச்சுக்கங்க, போதும்" என்றார். பக்கத்தில் என் கணவரும்தான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து யாரும் அதைச் சொல்லவில்லை.

சுத்தம் உதவும்தான். உலர்ந்த துடைப்பத்தைவிட ஈரத்துணி நல்லது. செருப்பை வெளியே விடுவதும், சாப்பிடும் முன் பிள்ளையின் கையைக் கழுவுவதும் நல்லது. தண்ணீர் தெளித்து வாசல் பெருக்கிய நம் பாட்டிகளுக்கு, தூசை எழும்பவிடாமல் அடக்கத் தெரிந்திருந்தது. ஆனால் நெடுஞ்சாலையின் தூசை ஒரு வாளித் தண்ணீரால் ஒருத்தி அடக்க முடியாது. வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. கடைகளில் அதைச் சோதிப்பது அரசின் வேலை. பள்ளி மைதான மண்ணைச் சோதிப்பதும், பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிப்பதும் அப்படியே.

விடியும் முன் எங்கள் சாலையைப் பெருக்கும் பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்குள் வருவதைப்போல எத்தனையோ மடங்கு தூசு அவர்களுடைய நெஞ்சுக்குள் போகிறது. அவர்களிடம் போய், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எந்த மருத்துவர் சொல்வார்?