ஓட்டக்காரர்களின் மார்கழி

திங்கள்

சென்னையில் ஓடுகிறவர்களுக்குத் திங்கட்கிழமை பெரும்பாலும் ஓய்வு நாள். முந்தின நாள் ‘லாங் ரன்’ முடித்திருப்பார்கள். பழவந்தாங்கல் ரயில் நிலையத்தில் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குகிற நாற்பது வயதுக்காரரைப் பார்த்தால், அவர் நோயாளி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஞாயிறன்று விடிவதற்குள் பதினாறு கிலோமீட்டர் ஓடியவராக இருக்கலாம்.

அப்படி ஒருவர், நங்கநல்லூரிலிருந்து தி.நகர் வங்கிக் கிளைக்குத் தினமும் மின்சார ரயிலில் போய்வரும் ஒரு பெண்மணி. ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானில் அரை மாரத்தானுக்கு, அதாவது 21.1 கிலோமீட்டருக்கு, பெயர் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் வேளச்சேரியில் தங்கி, துரைப்பாக்கத்தில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர். அவருடைய இலக்கு முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். இருவரும் பரிசுக்காக ஓடுகிறவர்கள் இல்லை. கட்டணம் கட்டி, பனியனில் எண் குத்தி, ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராக ஓடி முடிக்கப்போகிறவர்கள். பந்தயத்துக்கு இன்னும் சில வாரங்களே இருக்கும்போது வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தக் குறிப்புகள்.

வங்கிப் பெண்மணியின் பீரோ கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வாரத்துக்கு நான்கு ஓட்டம்: இரண்டு மெதுவாக, ஒன்று வேகமாக, ஒன்று நீளமாக. இளைஞருடைய அட்டவணை கைப்பேசியில் இருக்கிறது. அதில் ஐந்து ஓட்டம். இரண்டிலும் திங்கள் காலி.

செவ்வாய், மார்கழி 1

நாலரைக்குப் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிட்டது. தெருவில் வாளித் தண்ணீர் தெளிக்கும் சத்தம். மார்கழி பெண் ஓட்டக்காரர்களுக்கு உதவுகிற மாதம். இதைப் பந்தயம் நடத்துகிறவர்கள்கூட அதிகம் பேசிக் கேட்டதில்லை. மற்ற மாதங்களில் வங்கிப் பெண்மணி ஐந்தரைக்கு முன்னால் வாசல் தாண்டுவதில்லை. தெருவிளக்குகள் எல்லா இடத்திலும் எரிவதில்லை, ஆள் நடமாட்டமும் இருக்காது. மார்கழியில் வீட்டுக்கு வீடு கோலம் போட ஒருவர் குனிந்திருப்பார், கோயிலுக்குப் போகிறவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அதனால் நாலே முக்காலுக்கே கிளம்ப முடிகிறது. முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. சூரியன் ஆறு இருபதுக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். காற்றும் இருபத்திரண்டு டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். மே மாதத்தில் இதே தெருவில் ஓடியவர்களுக்குத்தான் இந்த அருமை புரியும்.

கிளம்ப அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. காலுறை ஷூவுக்குள்ளேயே சுருட்டி வைத்திருக்கிறது. வீட்டுச் சாவியை இடது ஷூ கயிற்றில் கோத்து இரட்டை முடிச்சு. கைப்பேசி உறைக்குள் மடித்த நூறு ரூபாய்த் தாள், வழியில் எங்காவது உட்கார நேர்ந்தால் ஆட்டோவுக்கு. இதெல்லாம் இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் எடுத்து வைத்தவை. விடியற்காலையில் காலுறை தேட ஆரம்பித்தால் அன்றைய ஓட்டம் போய்விடும்.

இன்று ‘ஈஸி ரன்’. பக்கத்தில் ஓடுகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம். புதிதாக ஓட வருகிறவர்கள் தாங்கமாட்டாதது இந்த மெதுவான வேகத்தைத்தான். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு இதை ஒரு பயிற்சி முறையாகவே கட்டியெழுப்பியவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அவர் கண்டறிந்த முறை அது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல்லும் மர்ரி ஹால்பெர்க்கும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அதன்பிறகு அவர் ஆக்லாந்தில் சாதாரண நடுத்தர வயதுக்காரர்களை, இதய நோய் வந்தவர்களையும் சேர்த்து, மெதுவாக ஓட வைத்தார். இன்று வேலைக்குப் போகிறவர்கள் ஓடுகிற ஓட்டம் அங்கிருந்து வந்ததுதான்.

புதன்

இளைஞருடைய அட்டவணையில் இன்று ‘டெம்போ’: எட்டு கிலோமீட்டர், மூச்சிரைக்கிற வேகத்தில். ஆனால் நேற்றிரவு அமெரிக்காக்காரர்களோடு பேச்சு முடியப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. அலாரம் நான்கரைக்கு.

எழுந்து ஓடுவதா, தூங்குவதா? வேலைக்குப் போகும் எந்த ஓட்டக்காரரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. எழுந்து ஓடுகிறவனே மன உறுதி உள்ளவன் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு எடுத்துக்காட்டுகளும் கைவசம் உண்டு. அவற்றில் மிகச் சிறந்தது 2018 பாஸ்டன் மாரத்தான்.

ஏப்ரல் மாதம். கொட்டும் மழை, எதிர்க்காற்று, உறைய வைக்கும் குளிர். தொழில்முறை வீரர்கள் பலர் பாதியிலேயே விலகினார்கள். ஆண்கள் பிரிவில் 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் முதலில் வந்தவர் ஜப்பானின் யுகி கவவுச்சி. சைதாமா மாகாண அரசு ஊழியர், அரசுப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்தவர் சாரா செல்லர்ஸ். அமெரிக்காவின் அரிசோனாவில் அறுவை சிகிச்சைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர், முழுநேர வேலை. அவர் பெயரைக் கேட்டதும் ஓட்ட உலகமே யார் இவர் என்று தேடியது. 75,000 டாலர் பரிசு. அதுவரை அதிகாலை நான்கு மணிக்கோ, வேலை முடிந்து இரவு ஏழுக்கோ தனியாக ஓடிக்கொண்டிருந்தவர்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் நான்கு மணியை மட்டும் சொல்கிறார்கள். கவவுச்சியின் வேலை நேரம் பெரும்பாலும் மதியம் ஆரம்பித்து இரவு ஒன்பதைத் தாண்டி முடியும். அதனால் காலைப் பொழுது அவருடையதாக இருந்தது. தூங்கி எழுந்து ஓட முடிந்தது. கம்பெனி அணிகளில் இருக்கும் ஜப்பானிய வீரர்கள் நாளுக்கு இரண்டு தடவை பயிற்சி எடுப்பார்கள். இவருக்கு ஒரு தடவைதான். மீதி உழைப்பை வார இறுதிப் பந்தயங்களிலேயே செய்துகொண்டார். வேலையை ஒட்டிப் பயிற்சியை வெட்டித் தைத்தார், தூக்கத்தில் கைவைக்கவில்லை. 2019இல்தான் அரசு வேலையை விட்டுத் தொழில்முறை வீரரானார்.

வேளச்சேரி இளைஞர் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினார். சரியாகத்தான் செய்தார். நான்கு மணி நேரத் தூக்கத்தோடு வேகமாக ஓடுகிறவனுக்குப் பயிற்சியின் பலன் கிடைப்பதைவிட ஆடுதசை பிடித்துக்கொள்ளும் வாய்ப்பே அதிகம்.

வியாழன்

மழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விட்டுவைப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. அந்தப் பகுதியில் இருப்பவர்கள் தேங்கிய நீரில் கால் வைக்க இன்றும் பயப்படுகிறார்கள். அடியில் மூடியில்லாத மழைநீர் வடிகால் இருக்கலாம். ஓஎம்ஆர் பக்கம் போகலாமென்றால் மெட்ரோ பணிக்கான தடுப்புகள் சாலையைக் குறுக்கிவைத்திருக்கின்றன. நடைபாதை இருக்கிற இடத்தில் பைக் நிற்கிறது. தெரு முனையில் நாய்க் கூட்டம் வேறு.

இளைஞர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறி இறங்கினார், இருபது நிமிடம். வங்கிப் பெண்மணி மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்தார்.

ஓடத் தனி இடம் கேட்பது ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால், மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கியது. அப்போது மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியனே ஓட்டக்காரர். சாலை விபத்தில் காலில் அடிபட்டவர். ஐம்பது வயதைத் தாண்டி ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர். ‘ஓடலாம் வாங்க’ என்று புத்தகமும் எழுதியிருக்கிறார். எட்டு கிலோமீட்டர் நல்ல தொடக்கம். ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியது அவர் வீட்டிலிருந்து அந்தப் பாதை வரை விளக்கும் நடைபாதையும். பாதைக்குப் போய்ச் சேரவே அரை மணி நேரம் என்றால் அவர் ஓடப்போவதில்லை.

வெள்ளி

இருவருக்கும் ஓட்டம் இல்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பது ஓட்டக்காரர்களுக்கு இன்னொரு வசதி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஞாயிறு முகூர்த்தங்கள் எத்தனை லாங் ரன்னை விழுங்கின என்று அந்தப் பீரோத் தாளைப் பார்த்தாலே தெரியும். வங்கிப் பெண்மணியைச் சபாக் கச்சேரிக்குத் தோழி அழைத்தாள்; மாலை நாலு மணிக் கச்சேரியா, ஏழு மணிக் கச்சேரியா என்று கேட்டுத்தான் ஒப்புக்கொண்டார். தூக்கம் கெடக் கூடாது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஷெரி மா என்ற ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைச் சில வாரங்களுக்குத் தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். பயிற்சியில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. குறுகிய தூர ஓட்ட நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 விநாடிக்கு இறங்கியது. இலவச வீச்சுகள் கூடைக்குள் விழுவது 9 சதவீதம் கூடியது. பதினோரு பேர் சிறிய எண்ணிக்கைதான், அவர்கள் கல்லூரி மாணவர்களும்கூட. வங்கிக்குப் போகிறவருக்குப் பத்து மணி நேரம் வாய்க்காது. ஏழு வாய்த்தாலே போதும்.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தார்.

சனி

மூன்றாம் சனி, வங்கி உண்டு. இரண்டாம், நான்காம் சனி விடுமுறை என்பதால் அந்த வாரங்களில் லாங் ரன்னைச் சனிக்கு மாற்றிக்கொள்வார். ஞாயிறு முழுக்க வீட்டுக்கு ஆகும். இந்த வாரம் அந்த வசதி இல்லை.

இளைஞர் மாலையில் மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கினார். வியர்வை காயாத ஊர் சென்னை. ஓடுகிறவர் தாகத்துக்குப் பயந்து வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போவார். அதிலும் ஆபத்து இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு இயல்பைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். வேகமாக ஓடி முடிப்பவர்களைவிட, நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடி, ஒவ்வொரு மேசையிலும் நின்று குடித்துப்போகும் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. தாகம் எடுக்கும்போது குடிப்பது, உப்பும் சேர்ந்ததாகக் குடிப்பது, பந்தய நாளில் குடிக்கப்போவதையே பயிற்சியிலும் குடித்துப் பழகுவது: இவ்வளவுதான் செய்ய வேண்டியது.

ஞாயிறு

நான்கே காலுக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. தொப்பி, தலையில் விளக்கு, இடுப்பில் சின்னப் பை. நீதிமன்றக் குமாஸ்தா, பல் மருத்துவர், பள்ளி ஆசிரியை, துணிக்கடைக்காரர். ‘இன்னிக்கு என்ன பேஸ் சார்?’ ‘ஏழரைம்மா, அதுக்கு மேல வேணாம். சேர்ந்தே போகலாம்.’ ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று அர்த்தம். 2006இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் அமைப்பின் கிளைகள் பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன. அதில் சேராமல் நாலைந்து பேராகக் கூடி ஓடுகிறவர்களும் உண்டு. தனியாக எழ முடியாதவனையும் கூட்டம் எழுப்பிவிடுகிறது.

அடையாறு பாலம் தாண்டி, சாந்தோம் வழியாக, மெரினாவில் கலங்கரை விளக்கத்தைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். பெண்மணிக்கு இன்று 18 கிலோமீட்டர், பந்தயத்துக்கு முன் கடைசி நீண்ட ஓட்டம். முதல் பாதி கோயில் பாட்டும் பேச்சுமாகப் போய்விடுகிறது. சாந்தோம் பக்கம் ஒருவர் கார் டிக்கியைத் திறந்துவைத்து நிற்கிறார். இன்று அவர் ஓடவில்லை. மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முறை அவருடையது. கடலை மிட்டாய், உரித்த ஆரஞ்சுச் சுளை, அதன்மேல் தூவிய உப்பு. நின்று இரண்டு சுளை வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். பதினைந்தாவது கிலோமீட்டரில் பேச்சு நின்றுவிட்டது. இளைஞர் முழு மாரத்தான் ஓடுகிறவர் என்றாலும் 32 கிலோமீட்டரைப் போன ஞாயிறே முடித்துவிட்டார். இன்று அவருக்கும் இதே தூரம்தான். புதன்கிழமை விட்டுப்போன எட்டு கிலோமீட்டரை இன்று சேர்த்து ஓடவா என்று கேட்டார். குழுவில் மூத்தவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார்: ‘வேணாம்ப்பா.’

ஏழரைக்கு நங்கநல்லூர் வீட்டில் காபி போட்டிருந்தவர் கணவர். பையனை ஞாயிறு டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். மாமியார் இட்லி ஊற்றிவைத்திருந்தார். இந்தப் பெண்மணி ஓடுகிற ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் வேறு இருவர் சேர்ந்து கொடுத்தது. எத்தனையோ வீடுகளில் ஆண் ஓடப் போனால் கேள்வியே இல்லாமல் இது கிடைத்துவிடுகிறது. பெண் ஓடப் போனால், எழுந்து சமைத்துவைத்துவிட்டுப் போ என்கிறார்கள். மூன்று மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு ஐந்துக்கு ஓடுகிற பெண்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அதைப் பாராட்டிப் பேசுவது தவறு. அந்தச் சமையலை வேறொருவர் கையில் எடுக்க வேண்டும்.

நாளையிலிருந்து ‘டேப்பர்’. தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து உடம்பைத் தேற்றும் வாரங்கள். ஜனவரிப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களே, விட்டுப்போன ஓட்டங்களை இப்போது ஈடுகட்டப் பார்க்காதீர்கள். புது ஷூ வாங்க இது நேரமில்லை. வீட்டில் ஒருவர் ஓடப்போகிறார் என்றால், பந்தயத்துக்கு முந்தின இரவு எட்டரைக்கெல்லாம் தொலைக்காட்சியை நிறுத்திக்கொடுங்கள். முழு மாரத்தான் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும்.