ஒரு நாடு தவிர...

என்னிடம் ஒரு நீலப் புத்தகம் இருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் பாஸ்போர்ட். கிட்ட வந்து பார்த்தால் அட்டையின் இடது மேல் மூலையில் சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள். பள்ளிக்கூடப் பிள்ளை அடிமட்டம் வைத்து இழுத்துவிட்ட மாதிரி! 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தின்படி கொடுக்கிற பயணப் பத்திரம் அது. ஜெர்மனியில் இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஆனால் நீ ஜெர்மன்காரன் இல்லை என்பதை ரொம்ப மரியாதையாகச் சொல்லும் புத்தகம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது 1985-ல். அந்த நாளில் எங்கள் பொடியன்கள் நிறையப் பேர் போன வழிதான். கிழக்கு பெர்லினில் விமானத்தை விட்டு இறங்கி, ஃப்ரீட்ரிச் ஸ்ட்ராஸ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். 1986 அக்டோபரோடு அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். பிறகு ரூர் பகுதியில் ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். 'நீ அகதிதான்' என்று ஒப்புக்கொண்ட கடிதம் வர ஆறு வருஷம் ஆனது. அது வந்த மறுநாளே நீலப் புத்தகத்துக்கு மனுப் போட அயல்நாட்டவர் கந்தோருக்கு ஓடினேன். (கந்தோர் என்றால் ஆபீஸ். எங்கள் ஊர்ப் பாஷை.)

காலை ஆறு மணிக்கே க்யூ. நம்பர் துண்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பத்தரைக்கு என் அப்பாவைக் கூப்பிட்டார்கள்!

ஆமாம், அப்பாவைத்தான். நமக்கெல்லாம் ஏது குடும்பப் பெயர்? ஃபாரத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அப்பா பெயரை எழுதியிருந்தேன். அன்றிலிருந்து ஜெர்மனியில் நான் அப்பாவாகிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் வேட்டியும் சால்வையுமாக வாத்தியார் வேலை பார்த்த மனிதரை, 'ஹெர்' போட்டு, பாதி எழுத்தை விழுங்கி, கதவைத் திறந்து ஒரு பெண் கூப்பிடுகிறாள். ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தேன், நிஜமாகவே வந்துவிட்டாரோ என்று.

என் மனைவி பாடு இதைவிட மோசம். மாமனார் பெயரை வாயால் சொல்லாத வளர்ப்பு அவள். கடையில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்கள். "இஞ்சாருங்கோ, மாமாவைக் கூப்பிடீனம், போய் என்னெண்டு கேளுங்கோ" என்று என்னைத் தள்ளிவிடுவாள்.

அடுத்தது போட்டோ. அந்தக் காலத்தில் முகத்தைக் கொஞ்சம் திருப்பி ஒரு காது தெரிய நிற்க வேண்டும். மிச்சமிருந்த ஒரு பிரதியை அம்மாவுக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. 'ஏன் மோனை ஒரு பக்கமாப் பாக்கிறாய்? கழுத்துப் பிடிச்சுப் போட்டுதோ? நல்லெண்ணெய் தேய்.'

புத்தகம் கைக்கு வந்த நாளில் அந்தக் கந்தோர் அம்மா ஒரு பக்கத்தைத் திறந்து, பேனாவால் தொட்டுக் காட்டினார். எல்லா நாடுகளுக்கும் செல்லும், ஸ்ரீலங்கா தவிர.

"உலகத்தில் மிச்சம் எல்லா இடத்துக்கும் போகலாம்" என்றார், எனக்குப் பரிசு தருகிற மாதிரி. தப்புச் சொல்ல முடியாது. எந்த நாட்டுக்குப் பயந்து ஓடி வந்தேன் என்று எழுதிக் கொடுத்தேனோ, அந்த நாட்டுக்கே டிக்கெட் எடுத்தால் எப்படி? சட்டம் சரிதான். ஆனால் எனக்குப் போக வேண்டியிருந்தது ஒரே ஒரு நாட்டுக்கு.

இந்தப் புத்தகத்துக்கு ஒரு தாத்தா உண்டு. வடதுருவப் பக்கம் கப்பல் விட்ட நார்வேக்காரர் நான்சென், நாடிழந்த ரஷ்யர்களுக்காக 1922-ல் ஏற்பாடு செய்த பத்திரம். இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால் எல்லாம் அதை வைத்திருந்தவர்கள்தான். இதை நூலகத்தில் படித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் ஹோட்டல் சமையற்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே ஒரு ராத்திரியில் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அப்பாவும் நடந்தார். அடுத்த மாசி மாதம் அங்கே யாரோ வீட்டு விறாந்தையில் இறந்துபோனார். எனக்குத் தெரிய வந்தபோது எட்டுச் செலவே முடிந்துவிட்டது. அலமாரியில் இருந்து நீலப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பிரான்ஸுக்குப் போகலாம். இத்தாலிக்குப் போகலாம். திரும்ப உள்ளே வைத்தேன். மறுவாரம் கந்தோரில் ஏதோ கையெழுத்துக்காகப் போனபோது கதவைத் திறந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம். ஏப்ரலில் ஏ-9 ரோட்டைத் திறந்தார்கள். அம்மாவுக்கு அப்போது 71 வயது. "நீ இஞ்ச வரேலாது. நான் அங்க வந்தால் குளிரில செத்துப் போவன். நடுவில எங்கயாவது சந்திப்பம்" என்றா டெலிபோனில். நடுவில் என்றால் எது? திருச்சி!

போட்டி ஆரம்பமானது. என் புத்தகம் காலாவதி. புதுப்பிக்க வேண்டும், பிறகு இந்திய விசா. அம்மா பஸ்ஸில் கொழும்புக்குப் போய், ஜென்மத்தில் முதல் தடவையாகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், பிறகு விசா. யார் ஜெயித்திருப்பார்கள்? ஒன்றரை மாதத்தில் அம்மா எல்லாவற்றையும் முடித்துவிட்டா! எனக்கோ நாலு மாதம். விசா கவுன்டரில் என் புத்தகத்தை வாங்கியவர் முன்னட்டை, பின்னட்டை, கோடு எல்லாம் பார்த்து, "விசாரிக்க வேண்டியிருக்கும்" என்றார். விசாரித்தார்கள். அம்மா வாராவாரம் டெலிபோனில், "எனக்கு எல்லாம் வந்திட்டுது. உனக்கு இன்னும் வரேல்லையோ? ஆரையும் பிடிச்சுப் பாரன்" என்பா. ஜெர்மனியில் ஆரைப் பிடிப்பது?

2003 ஜனவரியில் சென்னை விமான நிலையம். குடியேற்ற அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார்.

"ஜெர்மனியா?"

"இல்லை, ஜெர்மனியில் இருக்கிறேன்."

"அப்போ ஸ்ரீலங்கா?"

"அங்கே பிறந்தேன்."

"அப்போ இது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?"

"எந்த நாட்டதும் இல்லை, சார்."

அவர் பேனாவை மூடிவிட்டுப் பெரியவரைக் கூப்பிட்டார். பெரியவர் இன்னும் பெரியவரைக் கூப்பிட்டார். அரை மணி நேரம் கழித்து முத்திரை விழுந்தது. "தமிழ் நல்லாப் பேசறீங்களே!" என்று கை கொடுத்து அனுப்பினார்கள்.

ராத்திரி எழும்பூரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். காலையில் திருச்சி விமான நிலையத்தில் போய் நின்றேன். பதினெட்டு வருஷம். வெளியே வந்த கூட்டத்தில் அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு சின்னக் கிழவி என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி, "கழுத்துச் சுகமாயிட்டுதோ?" என்றா.

பத்து நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் இருந்தோம். உச்சிப் பிள்ளையாரை அம்மா கீழே இருந்தே கும்பிட்டா, முழங்கால் விடவில்லை. பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்திருந்தா, ஊசிப்போயிருந்தது, சாப்பிட்டேன். ஒரு ராத்திரி நீலப் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கோடுகளை விரலால் தடவினா.

"அணிலுக்கு ராமர் மூண்டு கோடு போட்டவர். உனக்கு இவங்கள் ரெண்டுதான் போட்டிருக்கிறாங்கள்."

புறப்படுகிற நாள். அவவின் விமானம்தான் முதலில். வாசலில் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நின்று, "அந்தப் புத்தகத்தில போகக் கூடாதெண்டு போட்டிருக்கெல்லே, அதில யாழ்ப்பாணம் எண்டு எழுதியிருக்கோ?" என்று கேட்டா.

"இல்லையம்மா. ஸ்ரீலங்கா எண்டுதான் இருக்கு."

"அப்ப யாழ்ப்பாணத்துக்கு வரலாம்தானே?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தா.