தொட மறுத்த கை

ஈய எழுத்துக்களில் பத்திரிகை அச்சான காலத்தில் தொழிலுக்கு வந்தவன் நான். அச்சுப்படிகளை இரவிரவாகக் குனிந்திருந்து திருத்தியதற்குக் கிடைத்த வெகுமதி, கழுத்து நோவும் நாரிப்பிடிப்பும். ஆகவே உடம்பைப் பிடித்துவிடும் கைகள் பலவற்றை எனக்குத் தெரியும். அவற்றுள் மறக்க முடியாதது, என்னைத் தொட மறுத்த ஒரு கை.

2017 ஆம் ஆண்டு மகளைப் பார்ப்பதற்காகக் கொழும்பிலிருந்து ரொறன்ரோ சென்றிருந்தேன். இடையில் தங்கிய நேரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு நாள் பயணம். இறங்கிய மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் கடுத்தது. இருந்த இருப்பில் பிடித்த பிடிப்பு என்று எண்ணிக்கொண்டேன். மகளின் ஏற்பாட்டில் ஸ்காபரோவில் உள்ள மசாஜ் சிகிச்சை நிலையம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்த இளம் பெண்.

முதலில் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார். உண்ணும் மருந்துகள், பழைய சத்திர சிகிச்சைகள், அண்மைய பயணங்கள் எனக் கேள்விகள் நீண்டன. கால் பிடிக்க வந்தவனுக்கு இத்தனை விசாரணையா என்று எரிச்சலே வந்தது. பின்னர் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது கால் சற்றுப் பருத்துச் சூடாக இருந்தது.

"அங்கிள், இந்தக் காலை நான் தொடமாட்டன். நீங்கள் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்றார். கட்டணமும் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் செய்தார்கள். காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. அதை அழுத்தி உருவியிருந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிரையே பறித்திருக்கலாம் என்றார் வைத்தியர். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இவ்வாபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இலேயே கூறியிருந்தது. செய்தி படிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்குத் தன் காலில் அந்தச் செய்தி தெரியவில்லை.

நன்றி சொல்ல மறுபடியும் அவரிடம் போனேன். பத்திரிகைக்காரன் சும்மா இருப்பானா? கேள்விகளைத் தொடுத்தேன். ஒன்ராரியோவில் இத்தொழிலுக்கு 1991 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. உடற்கூற்றியலும் நோயியலும் படித்து, பரீட்சையில் சித்தியடைந்து, மசாஜ் சிகிச்சையாளர் கல்லூரியில் பதிவு செய்தவரே அப்பெயரைப் பயன்படுத்தலாம். கல்லூரி என்று பெயரே தவிர அது படிப்பிக்கும் இடமன்று. தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை.

"எங்கே அழுத்துவது என்பதைவிட எங்கே அழுத்தக்கூடாது என்பதைத்தான் கூடப் படிச்சம்" என்றார் அவர். காய்ச்சல் உள்ளவர், தொற்றுள்ள தோல், காரணம் தெரியாத வீக்கம் ஆகியவற்றில் கை வைப்பதில்லை. கழுத்தின் முன்பக்கத்தில், இரத்தக்குழாய் ஓடும் இடத்தில், பலமாக அழுத்துவதில்லை. சிகிச்சைக்கு உரிய பகுதியைத் தவிர மற்றவை துணியால் மூடியிருக்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். நோயாளி எந்த நேரத்திலும் 'போதும்' என்று நிறுத்தலாம். நகம் வெட்டியிருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும்.

தன் உடம்பைக் காப்பதும் பாடத்தில் ஒரு பகுதியாம். பெருவிரலை மட்டும் நம்பினால் சில வருடங்களில் மூட்டுத் தேய்ந்து தொழிலையே விட நேரும். மேசையின் உயரத்தைச் சரிசெய்து, முன்னங்கையாலும் உடம்பின் பாரத்தாலும் அழுத்த வேண்டும்.

நான் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பதை அறிந்து, அன்று தோளை மட்டும் மெதுவாகத் தடவிவிட்டார். பலமாக அழுத்தினால் கன்றிப்போகும் என்றார்.

திரும்பி வரும் விமானத்தில், மணிக்கொரு தரம் எழுந்து நடந்தபடி, எங்கள் ஊர் முறிவு நெரிவு வைத்தியரை நினைத்தேன். அவருக்குச் சான்றிதழ் இல்லை, தகப்பனிடம் கற்றவர். ஆனால் விழுந்தாயா, காய்ச்சல் உண்டா என்று கேளாமல் எண்ணெய்ப் போத்தலைத் திறக்கமாட்டார். வீங்கிச் சிவந்த மூட்டைத் தொடவும் மாட்டார். சித்த வைத்தியம் தொக்கணத்தைத் தட்டல், இறுக்கல், பிடித்தல் என ஒன்பது வகையாகப் பிரித்தது. கைப்பழக்கத்தைக் கல்வியாக மதித்தவர்களே அப்படிப் பிரித்திருப்பார்கள்.

இன்று கொழும்பில் மசாஜ் என்றால் சிலர் கண் சிமிட்டிச் சிரிக்கிறார்கள். முறையாகக் கற்றுத் தொழில் செய்பவரையும் அச்சிரிப்பு சுடுகிறது. கல்லாத கையை வேலைக்கு வைப்பவர்களும், எதுவும் கேளாமல் படுத்துக்கொள்ளும் நம்மைப் போன்றவர்களும் இதற்குப் பொறுப்பாளிகளே.

இப்போதெல்லாம் யாரிடம் போனாலும் அவர் என்னிடம் கேள்வி கேட்கிறாரா என்று பார்க்கிறேன். கேளாவிட்டால் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறேன்.