தனியே நிமிர்த்தல்

பாரம் தூக்குதல் என்றதும் தோள்வலிமையே எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருகின்றது. மூடை சுமப்பவனையும் மரம் ஏற்றுபவனையும் உலகம் அவ்வாறே எண்ணிப் பழகிவிட்டது. ஆயின் சில பாரங்கள் வலிமைக்குப் பணிவதில்லை. அவற்றிற்கு வேண்டுவன இடமறிதலும் பொறுமையுமே. இரண்டு சில்லுகளில் நிற்கும் மோட்டார் சைக்கிளொன்றை, மறுபுறம் பிடிப்பதற்கு ஆளில்லாத வேளையில், பின்தாங்கியில் ஏற்றி நிறுத்துவது அத்தகையதொரு செயல். கொடிகாமத்து ஒழுங்கையொன்றில் வாழும் தந்தையும் மகளும் இதனைக் கற்றுக்கொண்ட விதம் சற்று விரித்துக் கூறத்தக்கது.

மகள் கலைப்பீட மாணவி. தமையன் 2019 ஆம் ஆண்டு வெளிநாடு சென்றபோது தனது 150 சீசீ வண்டியை வீட்டில் விட்டுச் சென்றான். மறு ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வண்டிகளுக்கும் பெருவிலை ஏற்பட்டது. அதனை வாங்கவென்று பலர் படலைவரை வந்து கேட்டனர். தந்தை கொடுக்கவில்லை. மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தபின் அந்த வண்டியே அவளது வாகனமாயிற்று. கொடிகாமத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போக வர 40 கிலோமீற்றருக்கு மேலாகும். அவ்வாறு ஓடும் வண்டியின் செயினை ஏறத்தாழ 500 கிலோமீற்றருக்கொருமுறை துடைத்து எண்ணெய் இடவேண்டும். தென்மராட்சியின் மணல் ஒழுங்கைகளில் ஓடுவதாயின் அதற்கு முன்னரே செய்தல் நன்று. எண்ணெயில் ஒட்டிய மணல் அரத்தைப் போல நின்று செயினையும் பற்சில்லையும் தேய்த்துவிடும்.

செயினை முழுமையாகத் துடைப்பதற்குப் பின்சில்லு நிலத்தைவிட்டு எழும்பிச் சுழல வேண்டும். பழைய வண்டிகளில் இது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. அவற்றில் ‘டபிள் ஸ்ராண்ட்’ இருந்தது. இவ்வண்டிக்கோ பக்கத்தில் ஒரு ஸ்ராண்ட் மாத்திரமே உண்டு. ஆதலால் வெல்டிங் பட்டறையொன்றில் இரும்புக் குழாயை வளைத்து, இரண்டு சிறுசில்லுகளும் ஒரு நீண்ட பிடியும் பொருத்திப் பின்தாங்கியொன்றைச் செய்வித்தனர். அதன் இரு கைகளும் இறப்பர் போர்த்தப்பட்டவை. பின்சில்லின் இரு மருங்கிலும் செல்லும் இரும்புக் கையின் அடியில் அவை பொருந்தும். பிடியைக் கீழே அழுத்த, வண்டியின் பின்புறம் மேலெழும்.

ஆரம்ப நாட்களில் மகள் தாங்கியை அழுத்தத் தந்தை வண்டியைப் பிடித்தார். இவ்வேற்பாட்டில் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அவரது முதுகு பழுதுற்றது. அப்பழுதிற்கு ஒரு வரலாறு உண்டு.

தந்தை இளமையில் ஓட்டியது ‘எம்.டி. 90’ வண்டி. ஜப்பானியத் தபாற்சேவைக்கென ஹொண்டா நிறுவனம் ஆக்கிய அவ்வண்டி யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கென்றே பிறந்தது போல இங்கு நிலைத்தது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிய தொண்ணூறுகளின் முற்பகுதியில், சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வண்டிகளுள் அதுவும் ஒன்று. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது, அவர் தமது தாயாரை அவ்வண்டியில் இருத்தி, இருபுறமும் பொதிகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். சனநெரிசல் நின்ற இடங்களில் எல்லாம் வண்டியை டபிள் ஸ்ராண்டில் ஏற்றினாலன்றிக் கிழவி அமர்ந்திருக்க இயலாது. மழையோ பெய்துகொண்டிருந்தது. வழக்கம்போல ஸ்ராண்டை மிதிக்க, அதன் கால்கள் சேற்றிற் புதைந்தன. மிதித்துப் பயனில்லை என்று கண்டு, தாயும் பொதியும் இருக்கத்தக்கதாகவே பின்புறத்தைக் கையாற் பற்றித் தூக்கினார். ஒருமுறையன்று, அவ்விரவு முழுவதும் தூக்கினார். தாயார் பத்திரமாக வந்து சேர்ந்தார். அவரது முதுகு சேரவில்லை.

இவ்வரலாற்றை அவர் ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை. மகளுக்கு வண்டி பழக்கியபோது அதன் சாரத்தை மாத்திரம் கூறினார்: “பிள்ளை, கையாலை தூக்கிறேல்லை. உடம்பாலை மிதிக்கிறது. மிதிக்க ஏலாத இடமெண்டால் அதிலை நிப்பாட்டாதை.”

அந்த முதுகை வைத்துக்கொண்டு அவர் வண்டி பிடிப்பதைக் காணச் சகியாமல், தந்தை சந்தைக்குச் சென்றிருந்த ஒரு சனிக்கிழமை காலை மகள் தனியே முயன்றாள். கிணற்றடிச் சீமெந்துத் தரையில் வண்டியை நிறுத்தினாள். பக்க ஸ்ராண்ட் நீட்டிக்கொண்டிருப்பது இடைஞ்சலாகத் தோன்றவே அதனைக் காலால் தட்டி மடக்கிவிட்டாள். ஒரு கையால் வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி மறுகையால் தாங்கியைப் பொருத்தி ஒரே மூச்சில் அழுத்தினாள். பின்சில்லு எழும்பியது. ஆனால் கிணற்றடித் தரை நீர் வழிந்தோடுவதற்காகச் சரித்துக் கட்டப்பட்டது என்பதை அவள் எண்ணவில்லை. முன்சில்லு சரிவில் உருள, தாங்கியின் வலக்கை வழுக, 130 கிலோவிற்கு மேற்பட்ட வண்டி அவள் நின்ற பக்கத்திற்கு எதிர்ப்பக்கமாக வாழைப்பாத்தியினுள் விழுந்தது. பிறேக் கைப்பிடி முறிந்தது, கண்ணாடி உடைந்தது. அவளுக்குக் காயமில்லை.

அயல்வீட்டுக்காரர் ஓடிவந்தார். “பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஏன் இந்த வேலை? ஒரு குரல் குடுத்திருக்கலாம்தானே?” என்றார். அவர் சொன்னதில் முற்பாதி நியாயமற்றது, பிற்பாதி நியாயமானது. இரண்டையும் பிரித்துப் பதில் சொல்லும் நிலையில் அவள் இருக்கவில்லை. அதற்குள் சந்தையால் திரும்பிய தந்தை பையைப் படலையடியிற் போட்டுவிட்டு வந்து வண்டியின் பின்புறத்தைப் பற்றித் தூக்கினார். அடுத்த மூன்று நாட்கள் அவர் பாயை விட்டு எழவில்லை. எவருடைய முதுகைக் காக்க அவள் தனியே முயன்றாளோ, அதே முதுகு அவளது முயற்சியாற் சாய்ந்தது.

பிறேக் கைப்பிடி மாற்றுவதற்கு வண்டியைக் கொண்டுசென்றபோது கராஜ்காரர் நடந்ததைக் கேட்டறிந்தார். அவர் சிரிக்கவுமில்லை, அறிவுரை கூறவுமில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார்: “தங்கச்சி, வண்டி விழுந்தா எந்தப் பக்கம் விழவேணுமெண்டு முதலிலை யோசிச்சனீங்களோ?”

அவள் அதனை யோசித்திருக்கவில்லை. விழாதிருக்க வேண்டும் என்று மாத்திரமே யோசித்திருந்தாள். தனியாக வேலை செய்பவர் முதலிற் தீர்மானிக்க வேண்டியது விழும் பக்கத்தையே என்பதைக் கராஜ்காரர் செய்துகாட்டினார். பக்க ஸ்ராண்ட் எப்போதும் கீழே இறங்கியிருக்க வேண்டும். செய்பவர் அதே இடப்பக்கத்திற் பின்சில்லருகே நிற்க வேண்டும். அப்போது கை தவறினாலும் வண்டி தன் காலிலேயே சாயும். எதிர்ப்பக்கம் சாயாதிருக்க இடக்கை அதனை எப்போதும் தன்பக்கம் சிறிதளவு இழுத்து வைத்திருக்கும். அவள் இடைஞ்சல் என்று மடக்கிய ஸ்ராண்டே அவளுக்கிருந்த ஒரே துணை.

வீடு திரும்பியவள் நாடாவெடுத்துத் தாங்கியை அளந்தாள். தாங்கியின் சில்லிலிருந்து வண்டியை ஏந்தும் கைக்கு 15 சென்ரிமீற்றர். பிடிக்கு 60 சென்ரிமீற்றர். வண்டியின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி பின்சில்லில் உள்ளதெனக் கொண்டால் 65 கிலோ. நெம்புகோல் விதிப்படி நான்கில் ஒரு பங்கு, அதாவது 16 கிலோ அளவான அழுத்தமே போதும். அது நிறைந்த இரண்டு வாளித் தண்ணீரின் பாரத்திற்கும் குறைவு. கிணற்றடியில் நாள்தோறும் அவள் சுமப்பது அதனிலும் கூட. ஆகவே குறைவாயிருந்தது பலமன்று என்பது அவளுக்குத் தெளிவாயிற்று.

அதன்பின் முறை மாறியது. மணலிலே தாங்கியின் சிறுசில்லுகள் புதையும், கிணற்றடியோ சரிவு. எனவே முன்விறாந்தையின் மட்டமான தரை தேர்ந்தெடுக்கப்பட்டது. பக்க ஸ்ராண்டின் கீழ் இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பான பலகைத்துண்டு வைக்கப்பட்டது. அதனால் வண்டி முன்னரே சற்று நிமிர்ந்து நிற்கும். கை நிமிர்த்த வேண்டிய தூரம் குறையும். பழைய ரியூபில் வெட்டிய இறப்பர் வளையத்தால் முன்பிறேக் இறுக்கிக் கட்டப்பட்டது. அவ்வாறு கட்டியபின் வண்டி நகராது. அழுத்தும்போது தாங்கியே உருண்டு அடியிற் புகும். பின்னர் இடக்கை இருக்கையின் பின்பிடியைப் பற்ற, வலக்கை தாங்கியை நகர்த்தி முதலில் இடப்புறத்தைப் பொருத்தும். வண்டியை மெல்ல நிமிர்த்தி வலப்புறம் பொருந்தியதைக் குனிந்து கண்ணாற் காணவேண்டும். ஊகித்தல் ஆகாது. இருபுறமும் ஒருங்கே தொட்டபின்னரே பிடியை அழுத்த வேண்டும். அதையும் வெடுக்கென்று அழுத்தாது, உடல் நிறையைச் சாய்த்து ஒரே சீராக அழுத்த வேண்டும். பாரம் தாங்கியின் சில்லைக் கடந்து பின்னால் அமரும்போது தாங்கி தானாகவே நிலைகொள்ளும். அது நிலைகொண்டதை அசைத்துப் பார்த்தபின்னரே இடக்கை விலகலாம்.

இறக்கும் வேளையிலேயே கவனம் தளர்வதுண்டு. வேலை முடிந்தது என்ற எண்ணமே அதற்குக் காரணம். பக்க ஸ்ராண்ட் நீட்டியிருக்கிறதா, பலகை அதன் நேர்கீழே இருக்கிறதா என்று பார்த்து, பின்பிடியை மீண்டும் பற்றி, தாங்கியை மெல்ல உயர்த்தி, வண்டியைத் தன்பக்கம் சாயவிட வேண்டும். இவை யாவற்றினும் முக்கியமான விதியொன்றையும் கராஜ்காரர் கூறியிருந்தார். சில்லு எழும்பி நிற்கின்றதென்று இயந்திரத்தை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கலாகாது. துணியோடு விரலும் பற்சில்லினுள் இழுபட்டுப் போகும். இயந்திரத்தை நிறுத்தி, நியூற்றலில் வைத்துக் கையாலேயே சில்லைச் சுழற்ற வேண்டும்.

முதன்முறை அவள் இவ்வாறு ஏற்றி முடித்தபோது தந்தை விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எழும்ப முனைந்தார். “நான் ஒருக்காப் பிடிக்கிறன் பிள்ளை” என்றார்.

“வேண்டாம் அப்பா, நீங்கள் இருங்கோ.”

அவர் இருந்தார். ஆனால் அந்த இருத்தல் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. ஒரு காலத்தில் தாயையும் வண்டியையும் சேர்த்துத் தூக்கியவர், இன்று வெறும் வண்டியைத் தூக்குவதையும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியவரானார். மகள் அவரது முதுகைக் காத்தாள். அதே செயலால் அவரது கைகளைச் சும்மா இருக்கச் செய்தாள். ஒன்றைப் பெறும்போது மற்றொன்று கைநழுவியதை அவள் தாங்கியை அழுத்தும்போது அறியவில்லை. அவரது முகத்தைப் பார்த்தபோதே அறிந்தாள்.

இரண்டு வாரங்களின் பின் அடுத்தமுறை வந்தது. மகள் பலகையைத் தேடினாள். அது வழமையான இடத்தில் இல்லை. தந்தை அதன் நடுவே உளியால் ஆழமற்ற குழியொன்று குடைந்து, ஸ்ராண்டின் கால் வழுகாது அமரும்படி செய்துவைத்திருந்தார். அதனை அவளிடம் நீட்டிவிட்டுக் கதிரைக்குத் திரும்பினார். அவள் வண்டியின் பின்னே சென்று நின்றதும் அவர் கேட்டார்:

“ஸ்ராண்ட்?”

“கீழை அப்பா.”

“பிறேக்?”

“கட்டியாச்சு.”

“வலப்பக்கம்?”

அவள் குனிந்து பார்த்தாள். இறப்பர் ஓரம் அரை அங்குலம் விலகியிருந்தது. சரிசெய்தாள். “இப்ப சரி” என்றாள்.

“அப்ப மிதி, பிள்ளை.”

அது மிதிக்கும் ஸ்ராண்ட் அன்று, கையால் அழுத்துவது என்று அவள் திருத்தவில்லை. உடலைச் சாய்த்து அழுத்தினாள். பின்சில்லு நிலத்தை விட்டெழுந்து மெல்லச் சுழன்று நின்றது.