சாவியும் சந்தேகமும்



பதினொரு ஆண்டுகள் வாடகை வீடுகளில் வாழ்ந்த பிறகு, சென்ற ஆண்டு எங்கள் மஹல்லாவிலேயே ஒரு பழைய வீட்டை விலைக்கு வாங்கும் பாக்கியத்தை அல்லாஹ் எங்களுக்கு அளித்தான். வீட்டை விற்றவர், பள்ளிவாசலின் முதல் வரிசையில் நான் பல்லாண்டுகளாகக் கண்டுவந்த ஒரு பெரியவர். மகனுடன் வசிப்பதற்காக அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பத்திரப்பதிவு முடிந்த அன்று இரண்டு சாவிகளை என் கையில் தந்து, துஆச் செய்து விடைபெற்றார்.

குடிபுகுந்த அன்று மாலையே என் மனைவி, “முதலில் வாசல் பூட்டை மாற்றிவிடுங்கள்” என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. “அந்தப் பெரியவரைச் சந்தேகிப்பதாக ஆகாதா? ஒரு முஸ்லிமைப் பற்றித் தவறாக எண்ணுவது பாவமல்லவா?” என்று சிறு பயானே நிகழ்த்திவிட்டேன். “நான் அவரைச் சொல்லவில்லை, சாவியைத்தான் சொல்கிறேன்” என்றார் அவர். அந்த வேறுபாடு அன்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் மாதத்தில் அது விளங்கியது. மக்தபின் கட்டட நிதிக்காகப் பெற்றோர்கள் தந்திருந்த 18,500 ரூபாயை ஓர் உறையிலிட்டு அலமாரியில் வைத்திருந்தேன். ஒருநாள் பார்த்தபோது உறையைக் காணவில்லை. கதவு உடைக்கப்படவில்லை; ஜன்னல் கம்பிகள் வளையவில்லை. அமானிதப் பணம் என்பதால் இரவெல்லாம் உறக்கம் வரவில்லை. அந்த இரவில்தான் ஷைத்தான் என் நினைவுக்கு ஒரு முகத்தைக் கொண்டுவந்தான். பெரியவரின் தம்பி மகன் ஓர் இளைஞர். மின் இணைப்பின் பெயர் மாற்றத்திற்கான தாள்களைக் கொடுக்க அந்த வாரம்தான் வந்துபோயிருந்தார். அந்த வீட்டிலேயே ஓடியாடி வளர்ந்தவர். அவரிடம் ஒரு சாவி இருக்கலாமே என்று மனம் சொல்லத் தொடங்கியது.

ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஆயினும் இரண்டு நாள்கள் பள்ளிவாசலில் அந்த இளைஞரின் முகத்தைப் பார்க்க இயலாமல் வேறு வாசல் வழியாக வெளியேறினேன். மூன்றாம் நாள் பாடம் எடுப்பதற்காக ஒரு கிதாபை உருவியபோது, அதற்கும் அடுத்த நூலுக்கும் இடையிலிருந்து உறை விழுந்தது. அலமாரியைத் துடைத்த அன்று நானே அங்கு மாற்றி வைத்து மறந்திருந்தேன். அல்லாஹு அக்பர்! பணம் கிடைத்த மகிழ்ச்சியைவிட வெட்கமே மேலோங்கியது.

அன்று மஃரிபுக்குப் பின் அவரை அருகில் அமர்த்தி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், பிறகு புன்னகைத்தார். “என்னிடம் சாவி இல்லை, ஹஜ்ரத். ஆனால் பெரியம்மாவிடம் ஒன்று இருக்கிறது. வாழ்ந்த வீட்டின் நினைவாக வைத்திருக்கிறார்கள்” என்றார்.

பூட்டை மாற்றாமல் விட்டதை நல்லெண்ணம் என்று நினைத்திருந்தேன். உண்மையில், ஒரு நிரபராதியைச் சந்தேகிப்பதற்கான வழியைத்தான் நான் திறந்து வைத்திருந்தேன். பூட்டை மாற்றியிருந்தால் அந்த எண்ணம் என் உள்ளத்தில் நுழைந்தே இருக்காது. பழைய வீட்டின் சாவிகளை எண்ணிச் சொல்ல ஒருவராலும் இயலாது. வெள்ளையடித்தவர், வேலைக்கு வந்த பெண்மணி, முன்பு குடியிருந்தவர், தரகர் எனப் பல கைகளுக்கு அவை சென்றிருக்கும். பூட்டை மாற்றுவதால் அவர்களில் எவரும் குற்றவாளியாவதில்லை. அனைவரும் பழியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள்.

மறுநாளே ஆசாரியை அழைத்தேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அவர் பூட்டைப் பார்க்கவில்லை, கொண்டியைப் பார்த்தார். “வெளியில் திருகாணி தெரியும்படி கொண்டியை அடித்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய பூட்டைத் தொங்கவிட்டாலும் ஒரு திருப்புளி போதும்” என்றார். கதவை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளை இட்டு, நட்டுகளை உட்புறம் முடுக்கினார். கொல்லைப்புறக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினார். முன்வாசலையே காத்து, கொல்லையை மறந்துவிடுவது நம்மில் பலரின் வழக்கம். மிதியடிக்கு அடியிலும் மீட்டர் பெட்டியின் மேலும் சாவியை வைக்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டோம்.

இரவில் அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவுகளை அடைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். உறங்கும் முன் நெருப்பை அணைக்குமாறும் ஏவியுள்ளார்கள். ஆகவே இரவில் பூட்டிய இரும்புக் கதவின் சாவியை, வீட்டினர் அனைவரும் அறிந்த ஓர் ஆணியில், ஜன்னல் வழியே கை எட்டாத இடத்தில் மாட்டுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. பிஸ்மில்லாஹ்வும் தாழ்ப்பாளும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மக்கா வெற்றியின் நாளில், ஹிஜ்ரி 8-இல், கஅபாவின் சாவியை நபி (ஸல்) அவர்கள் உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பித் தந்தார்கள். இன்றுவரை அது அவர்களின் பனூ ஷைபா குடும்பத்தாரிடமே இருக்கிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கக் கட்டளையிடும் சூரத்துந் நிஸாவின் 58-ஆம் வசனத்தை விளக்கும்போது விரிவுரையாளர்கள் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். மாணவர்களுக்கு இதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன்.

புதிய சாவியைக் கோக்க என் சாவிக்கொத்தைப் பிரித்தபோது, அதில் நாங்கள் காலி செய்த வாடகை வீட்டின் சாவி இருந்தது. மூன்று மாதங்களாக அது என் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது! அந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் வாழ்கிறது. அன்றே உரிமையாளரிடம் சென்று சாவியை ஒப்படைத்து, தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டேன். சென்னையில் இருக்கும் பெரியம்மாவுக்கோ, “அந்தச் சாவியை நினைவுக்காக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியனுப்பினேன்.

ஆகவே சகோதர சகோதரிகளே, புது வீட்டிற்குள் செல்லும்போது பூட்டை மாற்றுங்கள். பழைய வீட்டை விட்டு வரும்போது எல்லாச் சாவிகளையும் எண்ணிக் கொடுங்கள். அல்லாஹ் நம் இல்லங்களைத் திருட்டிலிருந்தும், நம் உள்ளங்களைத் தீய எண்ணத்திலிருந்தும் காப்பானாக! ஆமீன்.