அப்பாவின் குரலும் நூற்றியிருபது டொலர் செற்றும்

எமது மக்களின் வீடுகளில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கதிரை மேசை இல்லாவிட்டாலும் பாட்டுக் கேட்க ஒரு செற் இருக்கும். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் நாலு பேராக இருந்த காலத்தில் நாங்களும் முதலில் வாங்கியது அதைத்தான். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்ச் சத்தம் ஒன்று காதில் விழவேண்டியிருக்கிறது. அதற்காகக் காசு செலவழிப்பதை நான் பிழை சொல்லமாட்டேன். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நான் பட்டதையும், பின்பு தெரிந்துகொண்டதையும், புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

1996இல் ஒரு கடையில் தவணைக் காசுக்கு ஒரு பெரிய செற் எடுத்தேன். முன்பக்கம் முழுக்கப் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் ஓடும். பெட்டியில் ஆயிரம் வாற் என்று எழுதியிருந்தது. வட்டியோடு சேர்த்துக் கட்டி முடிக்க ஒன்றரை வருடம் சென்றது. நண்பர்கள் வந்தால் சத்தத்தைக் கூட்டிக் காட்டுவேன். யன்னல் அதிரும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2001இல் அம்மா கனடாவுக்கு வந்து சேர்ந்தார். அப்பா அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா கொண்டுவந்த பையில் ஒரு கசற் இருந்தது. 1993இல் அப்பா எனக்கென்று பேசிப் பதிவுசெய்தது. கொழும்புக்குக் கொண்டுபோய்த் தபாலில் போட நம்பிக்கையான ஆள் கிடைக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டது. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, நகைப்பொட்டலத்தோடு அதையும் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு நடந்ததாக அம்மா சொன்னார்.

அன்றிரவே அதைப் போட்டேன். ஆயிரம் வாற் செற்றில் அப்பாவின் குரல் பீப்பாய்க்குள் இருந்து வருவதுபோல் வந்தது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கொப்பர் சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை ராசா. இடி இடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். எட்டு வருடம் காத்து வந்த கசற்றை நிற்பாட்டி எடுத்து அலுமாரியில் வைத்தேன்.

என்னோடு வேலை செய்த ஒரு அண்ணர் ஊரில் றேடியோ திருத்துகிறவராக இருந்தவர். அவரிடம் சொன்னேன். வந்து பார்த்தார். பின்பக்கத்தைக் காட்டி, "இந்த ஆயிரம் வாற் விளம்பரக் கணக்கு தம்பி. கண்ணிமைக்கிற நேர உச்சத்தை எல்லாத்துக்கும் கூட்டி எழுதியிருக்கிறாங்கள். தொடர்ந்து தாறது பக்கத்துக்கு இருபதோ முப்பதோதான்" என்றார். பார்க்கவேண்டியது ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்பட்ட வாற் கணக்கைத்தான். வாற்றை இரட்டிப்பாக்கினால் சத்தம் மூன்று டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியவேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாற் வேண்டும். அப்பாட்மென்றில் நாங்கள் கேட்கிற அளவுக்கு ஒன்றிரண்டு வாற் போதும். 1978இல் வந்த நாட் 3020 என்ற பெயர்பெற்ற அம்பிளிபயர்கூடப் பக்கத்துக்கு இருபது வாற்தான்.

"காசில் பாதியை ஸ்பீக்கருக்குப் போடு. மிச்சத்தில் மற்றதெல்லாம்" என்பது அவர் சொன்ன முதல் விதி. அம்பிளிபயர்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசம் காட்டாது. ஸ்பீக்கர்தான் குரலைக் குரலாகத் தருவதும் கெடுப்பதும்.

இதில் கனடாவுக்கு வந்தவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் புளோயிட் ரூல் என்ற விஞ்ஞானி 1980களில் ஒரு சோதனை நடத்திவந்தார். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, பெயரும் விலையும் தெரியாதவர்களைக் கேட்கவைத்துப் புள்ளி போடச் சொன்னார். கண்ணால் பார்க்காமல் கேட்டபோது பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரியானவற்றைத்தான் விரும்பினார்கள். எந்தச் சுருதியையும் கூட்டாமல் குறைக்காமல் சமமாகத் தருகிற ஸ்பீக்கர்களே அவை. இந்த அறிவைக் கனடியக் கொம்பனிகள் பயன்படுத்திக்கொண்டன. பி.எஸ்.பி., பரடைம், எனர்ஜி, மிராஜ் என்ற பெயர்களில் நல்ல பழைய ஸ்பீக்கர்கள் இங்கே கராஜ் சேலிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அண்ணரோடு மூன்று சனிக்கிழமைகள் அலைந்தேன். ஆறரை அங்குல ஸ்பீக்கர் சோடி ஒன்று அறுபது டொலர். அம்பிளிபயர் நாற்பது. கசற் டெக் பன்னிரண்டு. வயர் எட்டு. எல்லாம் நூற்றியிருபது. இன்று விலை கூடியிருக்கும். பார்த்து வாங்கும் முறை மாறவில்லை.

வாங்கமுன் முன்துணியைக் கழற்றிப் பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு பஞ்சாக இருந்தால் பதினைந்து, இருபது வருடத்தில் உதிர்ந்துவிடும். ரப்பராக இருந்தால் நீண்டகாலம் நிற்கும். கூம்பை விரல்களால் மெதுவாக அமத்தினால் உரசல் சத்தம் வரக்கூடாது. பழக்கமான ஒரு பாட்டைப் போட்டு, பாடுபவரின் சொற்கள் விளங்குகின்றனவா என்று கேளுங்கள். ஐரோப்பாவில் இருந்தோ ஊரில் இருந்தோ கொண்டுவந்த 230 வோல்ற் சாமானை இங்கே 120 வோல்ற்றில் அப்படியே கொழுவி வேலை செய்யாது என்பதையும் மறக்கவேண்டாம்.

வயருக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. ஒரு அறைக்குள் ஓட 16 கேஜ் சாதாரணச் செம்பு வயர் போதும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று கொழுவுங்கள். ஒரு பக்கம் மாறினால் கீழ்ச்சுருதி காணாமல் போகும்.

வைக்கிற இடம் காசில்லாத மருந்து. மூலையில் வைத்தால் இடி முழங்கும். சுவரில் இருந்து ஒரு அடி தள்ளி, சின்ன ஸ்பீக்கர் காது உயரத்தில் வரும்படி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையிலுள்ள தூரமே நீங்கள் இருக்கும் இடத்துக்கும் இருக்கட்டும். தரைவிரிப்பு, திரைச்சீலை, புத்தக அலுமாரி எல்லாம் எதிரொலியைக் குறைக்கும். அடியில் தடித்த ரப்பர் துண்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டமாட்டார்.

இன்று வருபவர்களிடம் கசற் இல்லை, கைத்தொலைபேசி இருக்கிறது. ஒரு முனை தொலைபேசிக்கும், மறுமுனை சிவப்பு வெள்ளையாக அம்பிளிபயரின் 'ஓக்ஸ்' துளைக்கும் போகிற வயர் ஒன்று போதும். தொலைபேசியில் துளை இல்லாவிட்டால் மலிவான புளூடூத் றிசீவர் இருக்கிறது. 'போனோ' என்ற துளையில் மட்டும் கொழுவவேண்டாம். அது இசைத்தட்டுக்கு உரியது. சத்தம் உடைந்து வரும்.

எல்லாம் கொழுவி முடிய அண்ணர் டெக்கின் தலையைப் பஞ்சில் அற்ககோல் தொட்டுத் துடைத்தார். கசற்றை ஒருமுறை முன்னும் பின்னும் முழுதாக ஓடவிட்டார். பிறகு போட்டோம்.

அப்பா பேசினார். செற்றியில் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் இருந்தது. வேலிக்குக் கதியால் போட்டதை, கிணற்றில் தண்ணீர் வற்றியதை, நான் குளிருக்குத் தொப்பி போடவேண்டும் என்பதைச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஏதோ கிர்ரென்று சுழலும் சத்தம் கேட்டது. இடையிடையே அது களைக்க, அப்பாவின் குரல் மெலிந்து உயர்ந்தது. பழைய செற்றில் நான் இதைக் கேட்கவேயில்லை.

"ரேப் பழுதோ அண்ணை?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்தார். "அது நான்தான் ராசா. கரண்ட் இல்லை, பற்றறி இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவில கொழுவி நான்தான் சுத்தினனான். கை உளைஞ்சு போச்சு."

யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு பல வருடம் மின்சாரம் இருக்கவில்லை, பற்றறிக்கும் தடை இருந்தது என்பது எனக்குத் தெரியும். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டவர்களையும் தெரியும். ஆனால் என் கசற்றில் அம்மாவும் இருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

அடுத்த கிழமையே அதைக் கணனியில் பதிந்து, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தினேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு கசற் கிடக்கலாம். நாடா வருடத்துக்கு வருடம் தேய்கிறது. பெரிய செற் வாங்கக் காசு சேரட்டும் என்று பார்த்திருக்கவேண்டாம். நல்ல ஸ்பீக்கர் சோடி ஒன்றைத் தேடி எடுத்து, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே போட்டுக் கேளுங்கள். அதில் இருப்பது என்ன என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.