கொசு பரப்பாத நோய்

கிருமி என்னும் ஒரே சொல்லால் நாம் எத்தனையோ உயிர்களைக் குறித்துவிடுகிறோம். பாலைத் தயிராக்குவதும் கிருமி, காசநோய் தருவதும் கிருமி, சளிக்காய்ச்சலுக்கும் கிருமி. வைரஸைப் பற்றிப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்க முற்படும் எவரும் முதலில் இச்சொல்லில்தான் இடறுவர். பாக்டீரியா தானே உண்டு தானே பெருகும். வைரஸோ தனித்திருக்கையில் வெறும் தூசுக்கு நிகர். ஓர் உயிரணுவுக்குள் புகுந்த பின்னரே பெருகும். அதுவும் எல்லா அணுக்களிலும் புகுந்துவிட இயலாது; பூட்டுக்கேற்ற சாவி வேண்டும்.

நெமிலிச்சேரியில் எங்கள் அன்பியக் கூட்டம் ஒன்றில், உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னைப் பேசப் பணித்தனர். மழைக்காலமாதலால் டெங்குவைப் பற்றியும் கொசுவைப் பற்றியுமே மிகுதியாகப் பேசினேன். முடிவில் ஓர் அம்மையார் எழுந்தார்.

"டெங்குவைக் கொசு பரப்புகிறது என்கிறீர்கள், சார். அப்படியானால் எய்ட்ஸ் உள்ளவரைக் கடித்த கொசு நம் பிள்ளைகளைக் கடித்தால்?"

அவருடைய தெருவில் அந்நோயுள்ள ஒருவர் குடியிருப்பதையும், பிள்ளைகளை அப்பக்கம் விடாதிருப்பதையும் அவரே தயக்கத்தோடு சொன்னார். இதனை அறியாமை என்று நான் கருதவில்லை. நான் சொன்னதிலிருந்தே முறையாகப் பிறந்த கேள்வி அது.

கொசு கடிக்கையில் முன்பு குடித்த இரத்தத்தை நம்முள் செலுத்துவதில்லை; தன் உமிழ்நீரையே செலுத்துகிறது. டெங்கு வைரஸ் கொசுவின் குடலில் பெருகி, ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. எச்.ஐ.வி.க்குரிய பூட்டோ மனிதரின் சில வெள்ளையணுக்களில் இருக்கிறது, கொசுவிடம் இல்லை. ஆகவே அது கொசுவின் வயிற்றில் உணவோடு உணவாகச் செரித்துப்போகும். இரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து சேய் என்பவையே அது பரவும் வழிகள். உடன் உண்பதாலும் கைகுலுக்குவதாலும் பரவாது.

"தீபாவளிக்கு அவர்கள் கொடுத்தனுப்பிய முறுக்கு இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது" என்றார் அம்மையார். உண்ணலாம் என்றேன்.

பின்னர் ஒரு பழைய செய்தியைச் சொன்னேன். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பெண்கள் பலரின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்துப் பாதுகாத்தாராம்! பின்னர் ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு, கணவரோடு இரவு ரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தென்பட்டது. இந்தியாவில் அது முதன்முதல் அறியப்பட்டது அவ்வாறே. காட்பாடி செல்லும் இருப்புப்பாதை நெமிலிச்சேரி வழியாகச் செல்வதால், அப்பெட்டியும் நம் ஊரைக் கடந்தே சென்றிருக்கும் என்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, 2015-இல் மறையும்வரை இந்நோயுற்றோருக்காகவே உழைத்தார்.

கூட்டம் கலைந்தபின் ஓர் இளைஞர் தனியே வந்து, மருந்து உண்டா என்று கேட்டார். அடியோடு நீக்கும் மருந்து பொதுப் பயன்பாட்டில் இல்லை; வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றை நாள் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலையை அடைந்து அதிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவாலும் நோய் பரவுவதில்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு அவற்றை இலவசமாக வழங்கி வருகிறது. அன்று தொடங்கிய முதல் மையங்களுள் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று.